சுவர் காஞ்ச மாதிரி தெரியும், காஞ்சிருக்காது: வீட்டுக்குள்ள தண்ணி பூந்தா அறிகுறி பாத்து சரி பண்றது

எங்க வீட்டு பெட்ரூம் சுவத்துல ஒரே எடத்துக்கு மூணு தடவ பெயிண்ட் அடிச்ச ஆள் நான். அடிச்சு மூணு நாலு மாசம் பளிச்சுன்னு இருக்கும், அப்புறம் அதே எடத்துல கொப்புளம் மாதிரி உப்பும், விரலால தட்டினா பொல பொலன்னு உதிரும். ஒவ்வொரு தடவையும் பெயிண்ட் சரியில்ல, அடிச்சவர் சரியில்லன்னு திட்டிக்கிட்டே அடுத்த டப்பாவ வாங்கிட்டு வருவேன். கடைசில பாத்தா சுவத்துக்கு அந்தப் பக்கம் பாத்ரூம், ஷவருக்கு ஏறுற பைப்ல ஒரு ஜாயிண்ட், அதுல ஊசி முனை அளவுக்குத்தான் கசிவு. அத மாத்துனது அரை மணி நேர வேலை. ஆனா சுவர் காய நாலு மாசம் ஆச்சு.

அதனால இத அறிகுறி வாரியா எழுதறேன், உங்க கண்ணுக்கு என்ன தெரியுதோ அங்க போய் படிச்சுக்கங்க. ஆனா எந்த அறிகுறியா இருந்தாலும் ரெண்டு கேள்விய விட்றாதீங்க. தொடைக்கறதுக்கு முன்னாடி "இது எப்ப எப்ப ஈரமாகுது?", மூடறதுக்கு முன்னாடி "உள்ள நிஜமாவே காஞ்சுதா?". நான் மூணு தடவையும் இந்த ரெண்டையும் கேக்கல.

கால வைக்கறதுக்கு முன்னாடி

தரையில தண்ணி நிக்குதுன்னா மாப்ப எடுக்காதீங்க, முதல்ல மெயின் ஸ்விட்ச். அந்த போர்டுக்குப் போகணும்னா தண்ணிக்குள்ள நடந்துதான் போகணும்னு இருந்தா போகவே போகாதீங்க, கரண்ட் சப்ளை பண்றவங்ககிட்ட சொல்லி வெளியிலயே நிறுத்தச் சொல்லுங்க. தண்ணி ப்ளக் பாயிண்ட் உயரத்துக்கு வந்திருந்தா அந்த ரூம்ல இருக்கற எந்த மிஷினையும் காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் போட்டுப் பாக்கறது கிடையாது. கேஸ் வாடை வந்தா லைட் ஸ்விட்ச் பக்கம் கையே போகக்கூடாது, ஆஃப் பண்றதுக்குக்கூட. கதவத் தொறந்து போட்டுட்டு வெளிய வந்துடணும். கரண்ட் இல்லையேன்னு ஜெனரேட்டர் ஓட்டறவங்க அத வீட்டுக்குள்ளயோ வராண்டாவிலயோ வைக்காதீங்க, குறைஞ்சது 6 மீட்டர் தள்ளி, ஜன்னல் பக்கம் பொகை வராத மாதிரி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

இன்னொன்னு, எதையும் நகத்தறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கங்க. இன்சூரன்ஸ் இருந்தா அதுக்கு ஆகும், இல்லன்னாலும் தண்ணி எது வரைக்கும் ஏறுச்சுன்னு பின்னாடி பாக்கறதுக்கு உதவும், ரெண்டு நாள் கழிச்சு அது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

என்ன தண்ணின்னும் பாக்கணும். குழா பைப் உடைஞ்சு வந்தது நல்ல தண்ணி. வாஷிங் மிஷின், சிங்க்ல இருந்து வந்தது அழுக்குத் தண்ணி. டாய்லெட் அடைச்சு மேல வந்தது, தெருவுல இருந்து உள்ள வந்த வெள்ளம் ரெண்டும் சாக்கடைக் கணக்குதான், பாக்கத் தெளிவா இருந்தாலும் சரி. அதுல இறங்கணும்னா முழங்கால் வரை பூட்ஸ், ரப்பர் கையுறை. கால்ல கீறல் காயம் இருந்தா நீங்க இறங்க வேணாம், எலிக்காய்ச்சல் கிருமி அந்த மாதிரி தண்ணியில இருந்து தோல் வெடிப்பு, கண்ணு, மூக்கு, வாய் வழியா உள்ள போகும். நல்ல தண்ணியும் ரெண்டு நாள் தேங்கி நின்னா நல்ல தண்ணி இல்ல.

தரை பூரா தண்ணி நிக்குது

ஒரு 10க்கு 12 அடி ரூம்ல 1 செ.மீ. உயரம் தண்ணி நின்னா அது 110 லிட்டருக்கு மேல. இத ஃபேன் போட்டுக் காயவச்சிடலாம்னு நெனைக்கறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன், 1 லிட்டர் தண்ணி ஆவியாகறதுக்கு கிட்டத்தட்ட 0.7 யூனிட் கரண்ட்டுக்குச் சமமான சூடு வேணும். வைப்பர வச்சுத் தள்ளினா அதே 1 லிட்டர் ரெண்டு செகண்ட்ல வெளிய போயிடும். அதனால தள்ளி, மொண்டு, துணியால ஒத்தி எடுத்து, தரையில பளபளப்பே இல்லாம ஆன பிறகுதான் ஃபேன். ஈரம் உறிஞ்சற வேக்யூம் கிடைச்சா வாடகைக்காவது எடுங்க, கம்பளம் விரிச்ச வீட்டுல அது இல்லாம முடியாது. சாதாரண தூசி வேக்யூம தண்ணியில வச்சா அதுவும் போச்சு உங்களுக்கும் ஆபத்து.

கம்பளத்துக்கு அடியில ஸ்பாஞ்சு மாதிரி ஒரு பேட் இருக்கும், நனைஞ்சா அதக் காப்பாத்தறது வீண் வேலை, தூக்கிப் போட்டுருங்க. கம்பளம் நல்ல தண்ணியில நனைஞ்சிருந்தா தூக்கி ரெண்டு பக்கமும் காத்துப் படற மாதிரி போட்டு ரெண்டு நாளுக்குள்ள காய வச்சுடணும், சாக்கடைத் தண்ணின்னா யோசிக்காம தூக்கிப் போட்டுருங்க. மர ஃபர்னிச்சர் கால் ஈரத் தரையில நின்னா மரத்தோட சாயம் எறங்கி கறை புடிச்சுக்கும், நகத்த முடியாத கட்டிலா இருந்தா காலுக்கு அடியில அலுமினியத் தாள மடிச்சு வைங்க.

தரைக்குக் கீழ ரூம் இருக்கறவங்களுக்கு மட்டும் ஒன்னு, வெளிய மண்ணு ஊறிக் கெடக்கும்போது உள்ள இருக்கற தண்ணிய ஒரே மூச்சுல பம்ப் பண்ணி எடுத்தா வெளி மண்ணோட அழுத்தம் சுவத்த உள்ள தள்ளிடும். ஒரு அடி எறக்கிட்டு சுவத்துல கோடு போட்டு ராத்திரி விட்டுப் பாருங்க, திரும்ப ஏறுச்சுன்னா இன்னும் எடுக்கற நேரம் வரலன்னு அர்த்தம்.

சீலிங் தொப்பை போட்டு தொங்குது

ஜிப்சம் போர்டு சீலிங்தான் இப்படிப் பண்ணும். உள்ள தேங்கி நிக்கற தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோ, ஊறின போர்டு எப்ப விழும்னு சொல்ல முடியாது. அந்த ரூம் லைட் ஃபேன் லைன ஆஃப் பண்ணிட்டு, கீழ இருக்கறத நகத்திட்டு, பெரிய வாளி வச்சு, நீங்க தொப்பைக்கு நேர் கீழ நிக்காம தள்ளி நின்னு நீளமான கம்பு நுனியில ஸ்க்ரூடிரைவரக் கட்டி, நல்லா எறங்கின எடத்துல ஒரு சின்ன ஓட்டை. தண்ணி தானா எறங்கட்டும். ஓட்டை போட மனசு வராது, தெரியும், ஆனா தொப்பை போட்ட போர்டு காஞ்சாலும் நேராகாது, எப்படியும் மாத்த வேண்டியதுதான். மேல பஞ்சு மாதிரி இன்சுலேஷன் இருந்தா அது ஊறி அமுங்கிப் போயிருக்கும், அதையும் எடுத்துடணும்.

சீலிங்ல மஞ்சளா, பழுப்பா வளையம்

இதுதான் ஆளுங்கள ரொம்ப ஏமாத்தற அறிகுறி, ஏன்னா கறை இருக்கற எடமும் ஓட்டை இருக்கற எடமும் ஒன்னா இருக்கணும்னு இல்ல. தண்ணி தளத்துக்குள்ள கம்பி, பைப், விரிசல்னு வழி கெடைச்ச பக்கம் ஓடி, தாழ்வான எடத்துல வந்து சொட்டும். கறைக்கு நேர் மேல ஒடைச்சுப் பாத்துட்டு ஒன்னும் இல்லையேன்னு நிக்கறவங்க நெறைய.

வளையத்த உத்துப் பாருங்க. ஒரே கோடா இருந்தா ஒரு தடவ நனைஞ்சு காஞ்சிருக்கு. மரத்த வெட்டினா தெரியற மாதிரி கோட்டுக்குள்ள கோடா இருந்தா நனையறதும் காயறதுமா பல தடவ நடந்திருக்கு. இன்னிக்கு பென்சில்ல ஓரத்த வரைஞ்சு பக்கத்துல தேதி போடுங்க. ஒரு வாரம் கழிச்சு கறை கோட்டத் தாண்டியிருந்தா இன்னும் ஒழுகுது. இவ்வளவு சுலபமான சோதனைய நான் அந்த மூணு பெயிண்ட்டுக்கும் முன்னாடி செஞ்சிருந்தா மூணு டப்பாவும் மிச்சம்.

அப்புறம்தான் அந்த "எப்ப" கேள்வி.

மழை பேஞ்சா மட்டும் வருதுன்னா மொட்டை மாடி, கூரை, ஜன்னல் ஓரம், மழைத்தண்ணி எறங்கற பைப் இதுல ஏதோ ஒன்னு. மழை நின்னு ஒரு நாள் கழிச்சு சொட்டினாலும் மழைதான் காரணம், தளம் ஊறி கீழ வர நேரம் புடிக்கும். மாடியில தண்ணி போற ஓட்டைய எலைதழை அடைச்சிருக்கான்னு முதல்ல பாருங்க, பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சிடும்.

மழையும் இல்ல வெயிலும் இல்ல, எப்பவும் ஈரமாவே இருக்குன்னா ப்ரெஷர்ல தண்ணி நிக்கற சப்ளை பைப். எல்லா குழாவையும் மூடிட்டு தண்ணி மீட்டர் ரீடிங்கக் குறிச்சு ரெண்டு மணி நேரம் வீட்டுல யாரும் ஒரு சொட்டு தண்ணியும் தொடாம இருந்து திரும்பப் பாருங்க. முள்ளு நகந்திருந்தா எங்கயோ கசியுது. மீட்டர் இல்லன்னா மேல டேங்க்குக்கு தண்ணி வர்ற வழிய மூடிட்டு டேங்க் உள்ள தண்ணி மட்டத்துல கோடு போட்டுட்டு காலையில பாருங்க. இதுல ஒரு சந்தேகம் வரும், டாய்லெட் ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாம உள்ளயே ஒழுகிக்கிட்டு இருக்கும், அதுவும் மீட்டர ஓட்டும். அதுக்கு டேங்க்ல கொஞ்சம் ஃபுட் கலர் போட்டு ஃப்ளஷ் பண்ணாம அரை மணி நேரம் விடுங்க, டாய்லெட் பேசின்ல கலர் எறங்கினா வாஷர் போச்சு, சுவர ஒடைக்க வேணாம்.

மேல யாராவது குளிச்சா மட்டும் வருதுன்னா ட்ரெயின் பைப்போ, டைல்ஸ் இடுக்கோ. இதப் பிரிக்கறது எப்படின்னா, பாத்ரூம் தரை ஓட்டைய நல்லா அடைச்சு 5 செ.மீ. தண்ணி நிப்பாட்டி, மட்டத்தக் குறிச்சு 24 மணி நேரம் விடணும். மட்டம் எறங்கி கீழ ஈரம் வந்தா தரையோட வாட்டர்ப்ரூஃபிங் போயிருக்கு. நிக்கற வரைக்கும் ஒன்னும் ஆகாம, அடைப்ப எடுத்து தண்ணி போகும்போது கீழ சொட்டினா ட்ரெயின் பைப். ரெண்டுமே இல்லாம ஷவர் அடிக்கும்போது மட்டும்னா சுவர் பக்கத்து டைல்ஸ் இடுக்கு. ஆனா நல்லா தொங்கிப்போன சீலிங்குக்கு மேல இந்த சோதனைய செய்யாதீங்க, அவ்வளவு வெயிட்ட தாங்குமான்னு தெரியாது.

ஏசி ஓடற நாள்ல மட்டும்னா ஏசியோட தண்ணி போற குழாய் அடைச்சிருக்கும், இல்ல குளிர்ந்த பைப்ப சுத்தியிருக்கற நுரை கிழிஞ்சு அதுமேல வேர்த்து சொட்டும். இது ஒழுகலே இல்ல, காத்துல இருக்கற ஈரம்தான்.

மூலத்த சரி பண்ணி காஞ்ச பிறகும் கறை மேல சாதாரண பெயிண்ட் அடிச்சா ரெண்டு வாரத்துல அது வழியா மஞ்சள் எட்டிப் பாக்கும். கறை தண்ணியில கரையற சரக்கு, பெயிண்ட்டும் தண்ணியில கரைச்சது, அதான். கறைய அடக்கற ப்ரைமர்னு கேட்டு வாங்கி ஒரு கோட் அடிச்சுட்டு மேல பெயிண்ட்.

சுவத்துல பெயிண்ட் உப்புது, வெள்ளையா பொடி பூக்குது

எந்த உயரத்துலன்னு பாருங்க. தரையில இருந்து ஆரம்பிச்சு ஒரு மீட்டருக்குள்ள, அலை அடிச்ச மாதிரி ஒரு கோட்டோட நின்னா, கீழ இருந்து மண்ணு ஈரம் ஏறுது, இத ஓதம்னு சொல்லுவாங்க. ஆனா வெளிப்பக்கம் மண்ணோ சிமெண்ட் தளமோ உள் தரைய விட ஒசரமா இருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும், ஓதத்துக்குன்னு மருந்து அடிக்கறதுக்கு முன்னாடி வெளிய போய் ஒரு தடவ எட்டிப் பாருங்க. சுவத்து நடுவுல திட்டா இருந்தா பைப். சீலிங் மூலையில இருந்தா மேல இருந்து வருது, இல்ல குளிர்ந்த மூலையில காத்து வேர்க்குது.

வெளிய இருந்து வருதா, ரூம் காத்துல இருந்து படியுதான்னு கண்டுபுடிக்க ஒரு பழைய வழி இருக்கு. கெட்டியான ப்ளாஸ்டிக் ஷீட்ட ஒன்னரை அடிக்கு ஒன்னரை அடி வெட்டி, நாலு ஓரமும் காத்துப் போகாத மாதிரி டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. ஷீட்டுக்கு உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருந்தா ஈரம் சுவத்துக்குள்ள இருந்து வருது, மேல்பக்கம் மட்டும் வேர்த்திருந்தா ரூம் காத்துதான் குத்தவாளி. காஞ்சுதான்னு பாக்கவும் இதே சோதனைதான், தரைக்கும் ஆகும்.

வெள்ளைப் பொடி பூஞ்சை இல்ல, உப்பு. செங்கல், சிமெண்ட்ல இருக்கற உப்ப தண்ணி கரைச்சுக்கிட்டு மேல வந்து, தண்ணி ஆவியாகி உப்ப மட்டும் விட்டுட்டுப் போகுது. சந்தேகம்னா ஒரு சொட்டு தண்ணி விடுங்க, கரைஞ்சா உப்பு. இத ஈரத்துணியால தொடைக்கறதுதான் எல்லாரும் செய்யற தப்பு, கரைஞ்சு திரும்ப சுவத்துக்குள்ளயே போயிடும், அடுத்த வாரம் திரும்பப் பூக்கும். காஞ்ச ப்ரஷ்ஷால தேச்சு, உதிர்றத அள்ளி வெளிய போடுங்க.

அடுத்தது காய வைக்கறது. உப்பின பெயிண்ட்டு, தட்டினா டொப்புனு பொந்து சத்தம் கேக்கற பூச்சு ரெண்டையும் சுரண்டி எடுத்து செங்கல் தெரிய விடணும், ஈரம் இருக்கற எடத்துக்கு ஒரு அடி தள்ளி வரைக்கும். கான்க்ரீட் காய இஞ்சுக்கு ஒரு மாசம்னு கட்டட வேலை செய்யறவங்க ஒரு குத்துமதிப்பு வச்சிருக்காங்க, 9 இஞ்சு சுவர் முழுக்க ஊறியிருந்தா ரெண்டு பக்கமும் காத்து பட்டாலும் மாசக்கணக்குதான். மேல தொட்டா ஒரு வாரத்துல காஞ்ச மாதிரி இருக்கும், அது தோல் மட்டும். வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் "என்ன சுவர் இப்படி கெடக்கு"ன்னு கேப்பாங்க, கேக்கட்டும்.

ஈரமா இருக்கும்போதே உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடிச்சா சரியாயிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. எனக்கு இதப் பாத்தாலே எரிச்சல் வரும். தண்ணி வர்ற பக்கம் தொறந்திருக்கு, போற பக்கத்த மூடுறோம், அப்ப அது எங்க போகும்? இன்னும் மேல ஏறி, கோட்டிங் முடியற எடத்துல வெளிய வரும். இல்ல கோட்டிங்கயே பூச்சோட சேத்து பேத்துக்கிட்டு வரும்.

கறுப்பு, பச்சை புள்ளி

பூஞ்சை. நனைஞ்ச பொருள் 24லிருந்து 48 மணி நேரத்துக்குள்ள காயலன்னா ஆரம்பிச்சிடும், கண்ணுக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும். 3 அடிக்கு 3 அடி அளவுக்குள்ள இருந்தா நாமளே சுத்தம் பண்ணலாம், அதுக்கு மேலயோ, சாக்கடைத் தண்ணியாலயோ, வீட்டுல ஆஸ்துமா இருக்கறவங்க, நோய் எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க இருந்தாலோ ஆள் வச்சு செய்யறது நல்லது.

N95 மாஸ்க், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. ரூம் கதவ மூடி ஜன்னலத் தொறந்து வைங்க, ஃபேன் போடாதீங்க, பூஞ்சையோட வித்துங்க வீடு பூரா பறக்கும். காஞ்ச துடைப்பத்தால கூட்டறதும் அதே தப்புதான். டைல்ஸ், கண்ணாடி, இரும்பு, பெயிண்ட் கெட்டியா இருக்கற சுவர் இதுக்கெல்லாம் சோப்புத் தண்ணியும் ப்ரஷ்ஷும் போதும், தேச்சு எடுத்து, தொடைச்சு, காய விடணும். கிருமி போகணும்னு ப்ளீச் போடறவங்க 4 லிட்டர் தண்ணிக்கு ஒரு கப்புக்கு மேல போடாதீங்க, சோப்பால கழுவின பிறகுதான் போடணும், அழுக்கு மேல ஊத்தினா வேலை செய்யாது. ப்ளீச்சோட அமோனியா இருக்கற க்ளீனரோ, டாய்லெட் ஆசிடோ, வினிகரோ கலந்தீங்கன்னா வர்ற வாயு நுரையீரலப் பதம் பாத்துடும்.

ஜிப்சம் போர்டு, பஞ்சு, அட்டை, ப்ளைவுட் மாதிரி உறிஞ்சற பொருள்ல ப்ளீச் மேலாக்க வெளுக்கும், வேர் உள்ளயே இருக்கும். புள்ளி மறைஞ்சிடுச்சேன்னு சந்தோஷப்பட வேணாம், வெட்டித்தான் எடுக்கணும். செத்த பூஞ்சையும் அலர்ஜி குடுக்கும், அதனால கொல்றத விட எடுத்து வெளிய போடறதுதான் முக்கியம்.

ஒழுகலே இல்லாம பீரோவுக்குப் பின்னாடி மட்டும் புள்ளி வந்தா அது காத்து வேர்க்கறது. ரூம் 25 டிகிரியில ஈரப்பதம் 70 சதவீதம்னா, சுவர் 19 டிகிரிக்குக் கீழ குளிர்ந்தாலே அதுமேல தண்ணி படியும். பீரோவ சுவத்துல இருந்து நாலு விரல் தள்ளி வைங்க, குளியல் சமையல் ஆவிய வெளிய அனுப்புங்க, ஈரத்துணிய ரூமுக்குள்ள காயப்போடறத நிறுத்துங்க.

வாடை வருது, ஒன்னும் தெரியல

மூக்குக்கு அஞ்சு நிமிஷத்துல பழகிடும், அதனால வெளிய போய் கொஞ்ச நேரம் நின்னுட்டு உள்ள வந்து மோந்து பாக்கணும். சிங்க்குக்கு அடியில இருக்கற அலமாரியோட பின் பலகை, ஸ்கர்ட்டிங் (சுவத்து அடியில ஒட்டற பட்டை) பின்பக்கம், வார்ட்ரோப் கீழ்த்தட்டு, ஜன்னல் சட்டத்துக்குக் கீழ. மண்ணு வாடை மாதிரி, பழைய புத்தக வாடை மாதிரி இருந்தா பூஞ்சை. சாக்கடை வாடைன்னா யாரும் பயன்படுத்தாத பாத்ரூம்ல ட்ராப்ல (வாடைய மறிக்கற வளைஞ்ச பைப்) இருக்கற தண்ணி காஞ்சு போயிருக்கும், ஒரு வாளி தண்ணி ஊத்தினா நின்னுடும். ரூம் ஸ்ப்ரே அடிச்சா எங்க இருந்து வருதுன்னு தேடற வழியும் போயிடும்.

கதவு, அலமாரி, மரத் தரை உப்பிடுச்சு

எம்டிஎஃப், பார்ட்டிகிள் போர்டுன்னா மறந்துடுங்க, அமுக்கி ஒட்டின தூள் ஒரு தடவ ஊறி உப்பினா திரும்பாது. ப்ளைவுட் ஓரம் பிரிஞ்சாலும் அதே கதைதான். நெஜ மரம் வேற, அது காஞ்சா பெரும்பாலும் பழைய அளவுக்கு வரும், ஆனா அவசரப்படக் கூடாது. வெயில்லயோ ஹீட்டர் முன்னாடியோ வச்சா ஒரு பக்கம் மட்டும் வேகமா காஞ்சு வெடிக்கும், முறுக்கிக்கும். நெழல்ல, காத்து ஓடற எடத்துல, ட்ராயரெல்லாம் உருவி விட்டு. உப்பின ட்ராயர முன்னாடி இருந்து இழுத்து ஒடைக்காதீங்க, பின் பலகையக் கழட்டி தள்ளுங்க.

மரத் தரையில பலகையோட ஓரம் தூக்கி நடு பள்ளமா இருக்கும், அடிப்பக்கம் மேல்பக்கத்த விட ஈரமா இருக்கறதால. இப்பவே இழைச்சு சமமாக்கிட்டா, பின்னாடி முழுசா காஞ்சதும் ஓரம் எறங்கி நடு மேடாயிடும். ஈர மீட்டர் வச்சு, நனையாத வேற ரூம் மரத்துல என்ன காட்டுதோ அதே அளவு இங்கயும் வந்த பிறகுதான் இழைக்கணும். மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருக்கற வரைக்கும் உளுத்துப் போற பயம் இல்ல.

டைல்ஸ் ஒட்டு கறுத்துப்போய் காயவே மாட்டேங்குது, தட்டினா பொந்து சத்தம் கேக்குது

அடியில தண்ணி நிக்குது. மேல க்ரௌட் (டைல்ஸ் இடுக்குல அடைக்கற கலவை) அடிச்சா அது உள்ளயே மாட்டிக்கும். பொந்து சத்தம் வர்றதுல ஒன்னு ரெண்டு டைல எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கரண்ட் ட்ரிப் ஆயிட்டே இருக்கு

ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா விழற ஸ்விட்ச், வீட்டுல பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழற மாதிரி இருக்கும், அது விழறது உங்க உயிரக் காப்பாத்தத்தான், அத பைபாஸ் பண்ணச் சொல்றவர வீட்டுக்குள்ள விடாதீங்க. கையும் தரையும் காஞ்சிருந்தா மட்டும் எல்லா எம்சிபியும் (ஒவ்வொரு லைனுக்கும் இருக்கற சின்ன ஸ்விட்ச்) எறக்கிட்டு ஆர்சிசிபிய ஏத்தி, ஒவ்வொன்னா ஏத்திப் பாருங்க. எத ஏத்தும்போது விழுதோ அந்த லைன்ல ஈரம், அத எறக்கியே வச்சுட்டு எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க. எல்லாம் எறக்கியிருக்கும்போதே விழுந்தா ந்யூட்ரல் எங்கயோ ஈரத்துல மாட்டியிருக்கு, அதுக்கும் அவர்தான்.

புத்தகம், போட்டோ, மெத்தை

சாக்கடையில நனைஞ்ச மெத்தை, தலகாணி வெளியதான். ஊறின புத்தகத்த ரெண்டு நாளுக்குள்ள காய வைக்க முடியாதுன்னா தனித்தனியா மெழுகுத்தாள்ல சுத்தி ஃப்ரீசர்ல போட்டுருங்க, பூஞ்சை அதோட நின்னுடும், மெதுவா ஒவ்வொன்னா எடுத்து காய வைக்கலாம். வழவழ தாள் புத்தகம் மூடின நெலையில காஞ்சா ஒரே கட்டையா ஒட்டிக்கும், அதுக்கு ஃப்ரீசர்ல முதல் எடம். ஒட்டிக்கிட்ட போட்டோவப் பிச்சு எடுக்காதீங்க, சுத்தமான குளிர்ந்த தண்ணியில போட்டா தானா பிரியும், மொத்தம் ரெண்டு நாளுக்கு மேல ஈரத்துல வைக்காம படம் மேல பாக்கற மாதிரி காய விடுங்க.

மூணு நாளா ஃபேன் ஓடுது, காயவே இல்ல

ஜன்னல் கதவெல்லாம் சாத்திட்டு ஃபேன் ஓடுதா? அப்ப காயாது. 30 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து அதிகபட்சம் 30 கிராம் ஆவிதான் புடிச்சு வைக்கும். 3க்கு 4 மீட்டர் ரூம், 3 மீட்டர் ஒசரம், மொத்தம் 36 கன மீட்டர், அப்ப அந்த ரூம் காத்து முழுசும் சேந்தே ஒரு லிட்டர் சொச்சம்தான் தாங்கும். ஏற்கனவே ஈரப்பதம் 70 சதவீதம்னா மிச்ச எடம் ஒரு டம்ளர், ரெண்டு டம்ளர். அதுக்கப்புறம் ஃபேன் ஈரக் காத்த கலக்கிக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான். ஹீட்டர் போட்டா இன்னும் ஆவி எழும்பி, ராத்திரி குளிர்ந்ததும் நனையாத சுவத்துலயும் படியும்.

ஈரக் காத்து ரூம விட்டு வெளிய போகணும், அதுதான் விஷயம். ஈரப்பதம் காட்டற சின்ன மீட்டர் ரெண்டு வாங்கி ஒன்ன உள்ள, ஒன்ன வெளிய வைங்க. வெளிய வறண்டிருந்தா எதிரெதிர் ஜன்னல தொறந்து ஒரு ஃபேன வெளிய பாத்துத் திருப்பி வைங்க. வெளியில மழை, புழுக்கம்னா எல்லாத்தையும் சாத்திட்டு டீஹியூமிடிஃபையர் (காத்துல இருக்கற ஈரத்த எடுக்கற மிஷின்), இல்லன்னா ஏசி. ரெண்டையும் ஒரே நேரத்துல செஞ்சா ஊர்ல இருக்கற ஈரத்தையெல்லாம் நீங்க காய வச்சுக்கிட்டு இருப்பீங்க. ஃபேன ரூம் நடுவுல வைக்காம, காத்து ஈரச் சுவத்த ஒட்டியே ஓடற மாதிரி சாச்சு வைங்க. ரூம் 50 சதவீதம் பக்கம் வந்து நின்னா நல்லா போயிட்டிருக்குன்னு அர்த்தம். டீஹியூமிடிஃபையர் வாளியில தினமும் எத்தனை லிட்டர் சேருதுன்னு எழுதி வைங்க, முதல் ரெண்டு மூணு நாள் ரொம்பும், அப்புறம் கொறையும், நின்னுபோச்சேன்னு மிஷின எடுத்துடாதீங்க, பூச்சுக்குள்ள இருக்கறது இனிமேதான் மெதுவா வரும். கால்சியம் க்ளோரைடு டப்பா, சிலிக்கா பாக்கெட் எல்லாம் அலமாரிக்குள்ள வைக்கத்தான் ஆகும், நனைஞ்ச ரூமுக்கு அது பத்தாது.

எல்லாம் செஞ்சும் திரும்ப வருது

அப்ப ரெண்டாவதா ஒரு மூலம் இருக்கு, இல்ல நீங்க சீக்கிரம் மூடிட்டீங்க. எங்க சுவத்துல பைப்ப மாத்தி ரெண்டு மாசத்துலயே நாலாவது தடவ பெயிண்ட் அடிச்சுடலாம்னுதான் இருந்தேன், தொட்டா சுத்தமா காஞ்சிருந்துச்சு. சும்மா பாப்போமேன்னு ப்ளாஸ்டிக் ஷீட்ட ஒட்டினேன், காலையில உள்பக்கம் பூரா வேர்வை. மாசா மாசம் ஒட்டி, நாலாவது மாசம்தான் ஷீட்டு காஞ்சு வந்துச்சு. அப்புறம் பூச்சு பூசி, அது காய இன்னொரு மாசம் விட்டு, ஒரு சின்ன டப்பா வாங்கிட்டு வந்தேன்.